நூறு என்று வைத்துக்கொள்வோம்

அக்காவின் வீட்டு வாசல்படியில் சிவப்புப் பெயிண்டால் அந்த எண்ணை எழுதியது நான்தான். எங்கள் குழுவில் என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும் என்று பிரஷ்ஷை என்னிடம் கொடுத்தார்கள். படியின் பக்கவாட்டில் ஒரு கிடைக்கோடு, கீழிருந்து அதைத் தொடுகிற மாதிரி ஓர் அம்புக்குறி, பக்கத்தில் 100.000. எழுதி முடித்து இரண்டடி தள்ளி நின்று, எண்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். இருந்தன. ஒரு மாதத்துக்குள் அந்த வீடு கைமாறிவிட்டது.

"அவங்க விக்கணும்னு இருந்துச்சு, வித்தாங்க. இதுல நீ எங்க வந்த?" என்று என் கணவர் கேட்பார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். எதை நினைத்தாலும் அதற்கு எதிரானதும் சரியாக இருக்கலாம் என்று தோன்றும் சுபாவம் எனக்கு. ஆனால் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கும்போது, எந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்பது தெளிவாகவே தெரிகிறது.

புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. என் கணவருக்குச் சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. நாங்கள் மதுரைக்குத் தெற்கேயிருந்து வந்தவர்கள். வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஒரு ஊரில் ஒற்றை அறையும் சமையல் மூலையும் கொண்ட வீட்டில் குடியிருந்தோம். மகளுக்கு அப்போது ஒன்றேகால் வயது. ப்ளஸ் டூவில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன் என்பது, நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிற மனிதரின் பக்கத்தில் சத்தமில்லாமல் குழந்தையைச் சமாளிக்கிறபோது, யாரோ ஒரு பெண்ணைப் பற்றிய செய்தி மாதிரி இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சமுதாயக் கல்லூரி என்று ஒரு போர்டு இருந்தது. பழைய பள்ளிக்கூடக் கட்டடம். தையல், ஏசி மெக்கானிக், நர்சிங் உதவியாளர் ஆகியவற்றோடு, கட்டட வரைபடமும் சர்வேயும் என்று ஓர் ஒரு வருடப் படிப்பும் அந்த வருடம் ஆரம்பித்தார்கள். வயது தடை இல்லை, பெயிலானவர்களும் சேரலாம். பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். கல்யாணமானவள் நான் ஒருத்திதான். பாடம் நடத்தியவர் பாலிடெக்னிக் முடித்தவர், என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். மற்றவர்களை வா போ என்பவர் என்னை மட்டும் "வாங்கம்மா" என்பார். அதில் மரியாதை இருந்தது. நீ இங்கே இருக்க வேண்டியவள் இல்லை என்பதும் இருந்த மாதிரி எனக்குத் தோன்றும்.

என் மாமியார் ஊரில் எஸ்டிடி பூத்துக்குப் போய், எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் நம்பருக்குப் போன் செய்தார். "கைப்பிள்ளைய யாரு வீட்டுலயோ போட்டுட்டு, ரோட்ட அளக்கப் போறியாமே? ரோடு என்ன, உன்னய அளக்கச் சொல்லி அழுதுச்சா?" என்றார். சரிங்கத்தை என்று மட்டும் சொன்னேன். எதற்குச் சரி என்று அவரும் கேட்கவில்லை.

யாரோ வீடு என்று அவர் சொன்னதுதான் அக்கா வீடு. உறவில்லை. எங்கள் தெரு முனையில், மெயின் ரோட்டைப் பார்த்த வீடு அது. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் புருஷன் பெண்டாட்டி இருவர் மட்டும் இருந்தார்கள். காலை ஒன்பதரைக்கு மகளை அவள் இடுப்பில் கொடுத்துவிட்டு நான் ஓடுவேன். அவளை அக்கா என்றும் அவள் வீட்டுக்காரரை அண்ணன் என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "நான் அக்கா, அவரு அண்ணனா? அப்போ நாங்க ரெண்டு பேரும் இன்னா, ஒடம்பொறப்பா? மதுரைல இப்படித்தான் முறை சொல்லிக் குடுப்பாங்களா?" என்று அக்கா சிரிப்பாள். மாற்றிக்கொள்ள நினைத்து, எதை மாற்றுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

அவர்களுக்கு ஒரு காலத்தில் நிலம் இருந்தது. கம்பெனிகளுக்காக நிலம் எடுத்தபோது போய்விட்டது. அண்ணன் இப்போது ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. மிச்சம் இருந்தது அந்த வீடும் பின்னால் கொஞ்சம் இடமும்தான். அந்த இடத்தில் இரண்டு அறை கட்டி, வேலைக்கு வரும் பையன்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று அஸ்திவாரம் போட்டுச் செங்கல் அடுக்கி வைத்திருந்தார்கள். அண்ணனால் இன்னும் எத்தனை வருடம் நின்றுகொண்டே வேலை பார்க்க முடியும்? அந்த இரண்டு அறைதான் அதற்குப் பதில். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் அறை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கல்லூரியில் ஐந்தாவது மாதம் லெவல் எடுக்கும் பாடம் வந்தது. தரையில் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உயரம் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பதுதான் அது. முக்காலியில் ஒரு தொலைநோக்கி. தூரத்தில் ஒருவர் எண்கள் போட்ட உயரமான கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எங்கிருந்தோ ஏலத்தில் வாங்கிய எங்கள் தொலைநோக்கி ரொம்பப் பழையது. அதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். கம்பம் வானத்திலிருந்து தொங்கும், எண்கள் கவிழ்ந்து நிற்கும், பிடித்திருக்கும் ஆளின் தலை கீழே இருக்கும். முதல் வாரம் எல்லாரும் சிரித்தோம். பிறகு தலைகீழாக இருப்பதே பழகிவிட்டது.

எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்பதுதான் முதல் கேள்வி. கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று குறித்து வைத்த கல் எதுவும் பக்கத்தில் எங்களுக்கு அகப்படவில்லை. "இல்லன்னா என்ன? நாமளே ஒரு இடத்த எடுத்துக்கிட்டு, அதோட உயரம் நூறுன்னு வெச்சுக்கலாம்," என்றார் சார்.

"ஏன் சார் நூறு?" என்று கேட்டேன்.

"பூஜ்யம்னு வெச்சா பள்ளம் வரும்போது மைனஸ்ல போகும், நீங்கள்லாம் தப்புப் போடுவீங்க. நூறுன்னா தொல்ல இல்ல. ஐநூறுன்னும் வெச்சுக்கலாம். நம்ம இஷ்டந்தான்."

அந்த இடம் மட்டும் நகரக் கூடாது. முதலில் ஒரு சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் குறித்தோம். டிப்பர் லாரி ஒன்று இடித்துவிட்டுப் போனது. அடுத்துக் கல்லூரி வராந்தாவிலேயே குறித்தோம். அந்த வாரமே அங்கே டைல்ஸ் போட்டார்கள். குறி மறைந்தது மட்டுமில்லை, உயரமே மாறிவிட்டது. "ஆடாத அசையாத படி ஒண்ணு பாருங்கப்பா. யார் வீட்டு வாசலாவது கேளுங்க," என்றார் சார்.

அக்கா வீட்டுப் படியை நான்தான் சொன்னேன். கருங்கல் படி, ரோட்டோரம், ஏரிக்கரைக்குப் போகிற வழி. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அங்கே குறி வைத்தால் தினமும் மத்தியானம் வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், மகளை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் என் மனதில் முதலில் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா உடனே சரி என்றாள். நான் எழுதி முடித்ததும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இது நூறு? எனக்கு வயசு நூறா?"

"உங்க படிக்கு நூறுக்கா."

"நூத்துக்கு நூறா? பாத்தியா. நான் அஞ்சாவதோட நின்னுட்டேன், எம்படி பாஸாயிடுச்சி. படிக்காதவ வூட்டுப் படி." பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஏன் இஞ்சினீரம்மா, கோலம் போட்டா அழிஞ்சிடுமா?" என்று கேட்டாள். அழியாதுக்கா, பெயிண்ட்டு என்றேன்.

மூன்றாம் நாள் மகளை விடப் போனபோது வாசலில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். பின்னால் அறை கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் தன் அளவு டேப்பை நடுரோட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வளைந்து போயின. டேப்பின் மறுமுனையை ரோட்டின் நடுவில் மிதித்துக்கொண்டு நின்றவர் அண்ணன். இரவு வேலை முடித்து வந்தவர், யூனிபார்மைக்கூடக் கழற்றவில்லை.

"அம்பதடி எங்க வருது?" என்று கத்தினார்.

"அடுப்பாண்ட வருதுண்ணா," என்று உள்ளேயிருந்து கொத்தனாரின் குரல் வந்தது.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தப் பக்கத்தில் எல்லாரும் நூறடி ரோடு, இருநூறடி ரோடு என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். ரோட்டை அகலமாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எப்போதும் இருந்தது. எப்போது, எத்தனை அடி என்பதுதான் யாருக்கும் தெரியாது. என் நூறு அதைச் சொல்லிவிட்டது. ரோட்டின் நடுவிலிருந்து இந்தப் பக்கம் ஐம்பது, அந்தப் பக்கம் ஐம்பது. புள்ளிக்குப் பிறகு வந்த மூன்று பூஜ்யங்களை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. அம்புக்குறி இடிக்க வேண்டிய வீட்டைக் காட்டுகிறது என்று நினைத்தார்கள்.

"அண்ணே, அது அடி இல்ல. எங்க கிளாசுக்காக நாங்களா போட்ட நம்பர். நூறுன்னு சும்மா வெச்சுக்கிட்டது," என்றேன்.

"சும்மா இன்னாத்துக்கு வெச்சிக்கணும்?" என்று கேட்டார். கோபமாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் கேட்டார்.

"கணக்குக்காக, அண்ணே. ஐநூறுன்னுகூட வெச்சுக்கலாம்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நின்றிருந்தவர்களில் ஒருவர் "ஐநூறா?" என்றார்.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "இத பாருமா. நீ நல்ல பொண்ணு. ஒங்கிட்ட இன்னா சொல்லி அனுப்பிகிறாங்களோ அத்த நீ சொல்ற. போன தபா எங்க நிலத்த அளக்க வந்தவனுங்களும் கொடியும் செங்கலியும் எடுத்துக்கினுதான் வந்தானுங்க. இன்னாப்பான்னு கேட்டதுக்கு, சும்மா பாக்குறோம்னுதான் சொன்னானுங்க. சும்மான்னா எங்களுக்குத் தெரியும்."

செங்கலி என்று அவர் சொன்னது அளக்கிற சங்கிலியை. போன தடவை முதலில் விற்றவர்கள் கையில் ஏதோ தங்கியது, கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் இழுபறி, தான் கடைசி ஆள் என்று சொன்னார். இந்தத் தடவை கடைசி ஆளாக இருக்கப் போவதில்லை என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் அன்று மதியமே கொத்தனாரை அனுப்பிவிட்டார். இடிக்கப்போகிற வீட்டுக்குப் பின்னால் அறை கட்டுவானேன்?

மறுநாள் மகளை வாங்கிக்கொள்ளும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள். "எனக்கு நீ சொல்றது புரியுது. அவருக்குப் புரியல. ராவுல வேலைக்குப் போறாரு, பகல்ல தூங்காம அத்தயே பாத்துக்கினு குந்திகிறாரு. அத அழிச்சிடேன். அழிச்சிட்டா மனசு ஆறிப்பூடும்."

அழித்திருக்கலாம். ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும். ஆனால் பத்து நாளில் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். அந்தப் படியிலிருந்து தொடங்கி ஏரிக்கரை வரை போய்த் திரும்ப அதே படிக்கு வந்து முடிக்க வேண்டும். தொடங்கிய எண்ணும் முடிந்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பன்னிரண்டு பேரும் குறி வைத்த நாளிலிருந்து அதைத்தான் பழகிக்கொண்டிருந்தோம். சாரிடம் சொல்லி வேறு இடம் பார்க்கலாம் என்று காலையில் வாக்கியங்களை எல்லாம் மனதுக்குள் கோத்துக்கொண்டு போனேன். அவரோ உள்ளே நுழைந்ததும், "தேதி வந்திடுச்சு. அந்தக் குறிய யாரும் தொடக் கூடாது. இது மூணாவது. இதுவும் போச்சுன்னா எல்லாரும் பெயில்தான்," என்று பாதிச் சிரிப்போடு சொன்னார். நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். பெயிலானால் என் மாமியாரிடம் என்ன சொல்வேன் என்றுதான் யோசித்தேன். அக்காவைப் பற்றி யோசிக்கவில்லை.

சாயந்திரம் அக்காவிடம் சொன்னேன்: "பத்து நாள் பொறுத்துக்கங்கக்கா. பரீட்சை முடிஞ்சதும் நானே வந்து அழிச்சிடுறேன்."

அவள் மகளின் சட்டையை இழுத்துவிட்டாள். பிறகு, "பத்து நாள்தான?" என்றாள்.

அதற்கு மேலும் ஒரு காரியம் செய்தேன். குறி கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று ஒரு பழைய சாக்கை மடித்துப் படியில் தொங்கப் போட்டு, மேலே கல் வைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இரண்டு நாளில் அந்த ரோட்டோர வீட்டு வரிசையில் இருந்தவர்கள், சர்வேக்காரர்கள் வந்து குறியை மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள், வெளியே தெரிந்தால் பிரச்சினையாகும் என்று மறைக்கிறார்கள், அப்படியென்றால் நிச்சயம்தான் என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் அண்ணனிடம், "ஒன் வூடுதான்யா மொத வூடு. ராசியான ஆளு நீ," என்று கிண்டலடித்தாராம். சாக்கை எடுத்துவிட்டேன். எடுத்ததற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பார்கள்.

தேர்வு நாள் வெயிலாக இருந்தது. மகளுக்கு லேசாகச் சளி, விட்டுவிட்டு வருவதா வேண்டாமா என்று வாசலில் நின்று தடுமாறினேன். அக்கா, "போ. நான் பாத்துக்க மாட்டேனா?" என்று வாங்கிக்கொண்டாள். முகம் தெளிவாக இல்லை. என்னக்கா என்று கேட்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் முறை வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாற்பது மீட்டர் தள்ளி முக்காலியை நிறுத்தி, மட்டம் காட்டும் குமிழியைச் சரிசெய்து, கண்ணை வைத்தேன். என் வகுப்புப் பையன் ஒருவன் படியில் கம்பத்தைப் பிடித்து நின்றான். பார்வைக்குள் கம்பத்தின் இரு பக்கமும் ஒன்றிரண்டு அடிதான் தெரியும். ஒரு பக்கத்தில் அக்காவின் தோளும் என் மகளின் தலையும் கீழ்நோக்கித் தொங்கின. மறுபக்கம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரின் மார்பு, பாக்கெட்டில் பேனா, கக்கத்தில் இடுக்கிய தோல்பை. அவருக்குப் பக்கத்தில் அண்ணனின் காக்கிச் சட்டையின் பாதி. வெள்ளைச் சட்டையின் கை நீண்டு வீட்டைக் காட்டியது, பிறகு ரோட்டைக் காட்டியது. கடைசியில் விரல் கீழே, எங்கள் குறியைக் காட்டியிருக்க வேண்டும். அது என் பார்வைக்குள் வரவில்லை. ஒன்றும் காதில் விழவில்லை. அவர் யார் என்று எனக்குத் தெரியும். கக்கத்தில் தோல்பையோடு அந்த ரோட்டில் இடம் வாங்கி விற்கும் தரகர்கள்தான் அப்போது நடமாடினார்கள்.

"ரீடிங் என்னம்மா?" என்று கேட்டார் தேர்வு வைக்க வந்தவர்.

நான் எழுந்து ரோட்டைத் தாண்டி ஓடியிருக்கலாம். இது பரீட்சைக்காகப் போட்டது, இதோ பரீட்சை, இதோ நடத்த வந்திருக்கிறவர், அவரையே கேளுங்கள் என்று அந்த ஆளின் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அங்கே சாட்சிக்குக் குறைவே இல்லை. பிறகு எத்தனையோ தடவை மனதுக்குள் அந்த ரோட்டைத் தாண்டிவிட்டேன்.

"ஒன்று புள்ளி நான்கு மூன்று ஐந்து," என்றேன்.

ஏரிக்கரை வரை போய்த் திரும்பி வந்து கணக்கை முடித்தபோது நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அந்தப் பழைய தொலைநோக்கியில் இவ்வளவு சரியாக வந்ததா என்று வந்தவர் கணக்கை இரண்டு தடவை பார்த்தார். சார் எனக்காகப் பெருமைப்பட்டார். நான் படிக்குத் திரும்பி வந்தபோது வெள்ளைச் சட்டைக்காரர் போயிருந்தார்.

அன்று சாயந்திரமே மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுபோய்க் குறியை அழித்தேன். அக்கா மகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டபடி பக்கத்தில் நின்றாள். கருங்கல்லின் சொரசொரப்பில் பெயிண்ட் இறங்கியிருந்தது. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு போனதே தவிர வெளிறிய ஒரு நிறம் தங்கிவிட்டது.

"வுடு, கை நோவப்போவுது. அட்வான்ஸ் வாங்கிட்டாரு," என்றாள் அக்கா.

"எப்பக்கா?"

"மத்தியானம். நீங்க அளந்துக்கினு இருந்தீங்களே, அப்பதான்." மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அந்த ஆளு ஒங்களக் காட்டித்தான் சொன்னான். பாரு, ஆபீசருங்களே வந்துட்டாங்கன்னு," என்றாள்.

அவள் குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

அந்த மாதக் கடைசியில் அவர்கள் வடக்குப்பட்டுப் பக்கம் உள்ளே தள்ளி ஒரு சின்ன மனைக்கும், தற்காலிகமாக ஒரு வாடகை வீட்டுக்கும் போனார்கள். மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனது. மீதி மாதங்களில் அவளைத் தூக்கிக்கொண்டே வகுப்புக்குப் போனேன். வரைபலகைக்குக் கீழே ஒரு துண்டை விரித்து உட்கார வைத்தால், கீழே விழுகிற பென்சில் சீவலை வாயில் வைப்பாள். ஒரு கை கோடு போடும், ஒரு கண் கீழே இருக்கும். சான்றிதழ் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் வீட்டு பிளான் போடும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. மாமியார் வந்து மூன்று மாதம் இருந்து மகளைப் பார்த்துக்கொண்டார். "படிச்சது வீண்போகல," என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம்.

வீட்டை வாங்கியவர், அக்கா அடுக்கி வைத்திருந்த அதே செங்கல்லோடு இன்னும் கொஞ்சம் இறக்கி, பின்னால் ஆறு அறைகள் கட்டினார். தினமும் பஸ்ஸில் அந்த வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கொடியில் கம்பெனி யூனிபார்ம்கள் காய்ந்துகொண்டிருக்கும். ரோடு அப்படியேதான் இருந்தது. ஒரு வருடம் ஆனது, இன்னொரு வருடமும் ஆனது. வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போனால் மகளுக்காக வேண்டிக்கொள்வதை முடித்துவிட்டு, ரோடு சீக்கிரம் வரட்டும், அந்த வீட்டை இடிக்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன். உள்ளே குடியிருக்கும் பையன்களின் நினைப்பு வரும். முருகனிடம் இப்படிக்கூடக் கேட்கலாமா என்று பயமாக இருக்கும். அடுத்த தடவையும் அதையேதான் கேட்பேன்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் அண்ணன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். புது மனையில் வீடு கட்ட பிளான் வேண்டும். "நம்ம பொண்ணு இங்க கீதுன்னு சொன்னாங்க. நீதான் போட்டுத் தரணும்," என்றார். இளைத்திருந்தார். முன்பக்கம் ஒரு சின்னப் பஞ்சாயத்து ரோடு, மனை அந்த ரோட்டிலிருந்து உள்ளே ஐம்பதடி ஆழம்.

"முன்னாடி முப்பதடி வுட்டுட்டு வூட்டப் போடுமா," என்றார்.

"முப்பதா? அஞ்சடி விட்டாலே போதும், அண்ணே. முப்பது விட்டா ரெண்டு ரூம்கூடச் சரியா வராது."

"சின்னதா வரட்டும். ரோட்லேர்ந்து தள்ளிப் போடு."

அங்கே யாரும் இல்லை. இரண்டு வருடமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். அந்த எண் நாங்களாக வைத்துக்கொண்டது, அக்கா அழிக்கச் சொல்லியும் நான்தான் பரீட்சைக்காகத் தள்ளிப்போட்டேன், அந்த ஆள் வந்து நின்றபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றெல்லாம்.

அவர் மேஜையில் கிடந்த ஸ்கேலை நேராக்கி வைத்தார். "நீ அப்பவே சொன்னியேமா," என்றார்.

"நீங்க நம்பலையே, அண்ணே."

"நம்பாம இன்னா." ஸ்கேலிலிருந்து கையை எடுத்தார். "பாதி நம்புனேன். வித்தப்புறம் நம்பக் கூடாதுன்னு வெச்சிக்கினேன். ரோடு வரும். வரலைன்னா, நான் இன்னாத்துக்கு வித்தேன்னு அவ கேப்பா. இதுவரைக்கும் கேக்கல." எழுந்துகொண்டார். "முப்பதடி மறந்துடாத."

மறக்கவில்லை. டிரேசிங் பேப்பரில் பின்சுவரோடு ஒட்டி இரண்டு அறைகளை வரைந்தேன். வரைபடத்தில் ஒவ்வொரு இடத்துக்குள்ளும் அது என்ன என்று எழுத வேண்டும். படுக்கையறை எழுதினேன், சமையலறை எழுதினேன். முன்னால் மனையில் பாதிக்கு மேல் கிடந்த வெள்ளைக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் காலி இடம் என்று எழுதினேன்.

பிரிண்ட்டை வாங்கிக்கொள்ள அக்காதான் வந்தாள். பிரிண்ட் போடும் அம்மோனியா வாடைக்கு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுக் கேட்டாள். இது அடுப்பா, இது கக்கூசா, இது நாங்க படுக்கிறதா என்று. விரல் முன்னால் வந்து நின்றது.

"இது இன்னா, இம்மாம் பெருசா?"

"காலி இடம்கா. அண்ணன் விடச் சொன்னாங்க."

"இன்னாத்துக்கு?" என்றவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது. "பின்னாடி துணி காயப்போட எடம்?"

"இல்லக்கா."

"சரி, முன்னாடியே போட்டுக்கறேன். போறவன் வரவன்லாம் என் பொடவைய எண்ணிக்கினு போவட்டும்."

பிரிண்ட்டைச் சுருட்டினாள். சுருட்டியதைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பாமல் நின்றாள்.

"ஏ இஞ்சினீரம்மா, நெசமா சொல்லு. நீ இதுலயே வேல செய்யிற, ஒனக்குத் தெரியும். அங்க ரோடு வருமா? நம்ம பழைய வூடு இடியுமா?"

எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

"வரும்கா," என்றேன். "வூடு போயிடும்."

அக்கா நின்ற இடத்திலேயே மூச்சு விட்டாள். முகத்தில் இருந்த எதுவோ இறங்கியது. "அப்ப அவரு சரியாத்தான் செஞ்சிகிறாரு," என்று சொல்லிவிட்டு, என் மகளுக்கு இன்னும் அடிக்கடி சளி பிடிக்கிறதா என்று கேட்டாள்.